மோட்டார் சுழற்சியை நேர் அசைவாக மாற்ற எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கிறேன். 50 கிலோ எடையை அரை மீட்டர் தூக்கி இறக்கும் மேடை ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்ய வேண்டும். சுழற்சியை நேர் அசைவாக மாற்றத் திருகு, ரேக் பினியன், கிராங்க், கேம் என்று புத்தகம் அடுக்கிக்கொண்டே போகிறது. எதை எடுப்பது?

பதில்: தம்பி, அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். பாதி உயரத்தில் கரண்ட் போனால் உங்கள் மேடை என்ன செய்ய வேண்டும்? இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால் பட்டியலில் முக்கால்வாசி அங்கேயே அடிபட்டுவிடும். ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் காலம் வந்தால் “ரேக் வெட்டித் தாருங்கள் அண்ணா” என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். ரேக் என்பது பல் வெட்டிய நேர்ப் பட்டை, அதில் ஓடும் சிறு பல்சக்கரம்தான் பினியன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலானவர்களுக்குத் தேவை ரேக்கே அல்ல.

நம் வட ஆர்க்காட்டு ஏரிகளில் (மாவட்டத்தை எத்தனை கூறு போட்டாலும் எனக்கு இது வட ஆர்க்காடுதான்) மதகு ஷட்டரைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் மேலே கூட்டுக்குள் இருக்கும் நட்டு சுழலும். ஷட்டரோடு பிணைந்த மரை போட்ட தண்டு சுழல முடியாது, ஆகவே ஏறும். கையை எடுத்துவிட்டால் கனத்த இரும்புப் பலகை அப்படியே நிற்கும். கொக்கியும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம்.

காரணம் இதுதான். மரை என்பது தண்டைச் சுற்றி ஏறும் ஒரு சரிவு. 20 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. பிட்ச்சும் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) உள்ள டிரபிசாய்டல் (சரிவக வடிவ) மரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சராசரி விட்டம் 18 மி.மீ., ஒரு சுற்று ஏறக்குறைய 56.5 மி.மீ. அந்தத் தூரத்துக்கு 4 மி.மீ. ஏற்றம் என்றால் சரிவு சுமார் 4 டிகிரி. எண்ணெய் போட்ட எஃகுத் தண்டும் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டும் சேர்ந்தால், உராய்வை மீறி எடை தானாக வழுக்க ஏறக்குறைய 7 டிகிரி சரிவு தேவை. 4 டிகிரியில் வழுக்காது. தொடர்ந்து அதிர்கிற இயந்திரத்தில் மட்டும் இதை முழுக்க நம்ப வேண்டாம், நட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

இதற்கு விலை உண்டு. எடையைத் தாங்கி நிற்கிற அதே உராய்வு மோட்டாரின் உழைப்பையும் தின்கிறது. இந்தத் திருகின் திறன் ஏறக்குறைய 35 சதவீதம்தான். தானே பூட்டிக்கொள்ளும் திருகு எதுவானாலும் 50 சதவீதத்தைத் தாண்டாது. உராய்வு வேண்டாம் என்று தண்டுக்கும் நட்டுக்கும் நடுவில் குண்டுகளை உருட்டிவிட்டால் அதுதான் பால் ஸ்க்ரூ. திறன் 90 சதவீதத்தை ஒட்டி வரும், பிளேயும் (நட்டின் தளர்வு) மிகக் குறைவு, கணினி ஓட்டும் சி.என்.சி. இயந்திரங்களில் பெரும்பாலும் அதுதான். ஆனால் எடை தண்டையே சுழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால்தான் செங்குத்து அச்சில் பால் ஸ்க்ரூ போட்ட இயந்திரங்களில் மோட்டாரோடு பிரேக் வைக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 50 கிலோ என்பது 490 நியூட்டன். மேலே சொன்ன திருகில் அதைத் தூக்கச் சுமார் 0.9 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். அதே எடையை 2 மாடியூல் (பல்லின் அளவு), 20 பல், அதாவது 40 மி.மீ. விட்டமுள்ள பினியன் வைத்து ரேக்கில் தூக்கினால் 9.8 நியூட்டன் மீட்டர் வேண்டும். பதினோரு மடங்கு! அதோடு மேடை மேலே நிற்கும் நேரமெல்லாம் மோட்டாரோ பிரேக்கோ அந்த விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதிலுக்கு ரேக் தருவது வேகம். நிமிடத்துக்கு 300 சுற்றில் திருகு விநாடிக்கு 2 செ.மீ. நகரும், ரேக் 60 செ.மீ.க்கு மேல் ஓடும். துண்டு துண்டாகச் சேர்த்து எத்தனை மீட்டருக்கும் ரேக்கை நீட்டலாம்.

உங்கள் கல்லூரி லேத்திலேயே இரண்டும் இருக்கின்றன. கை சக்கரத்தைச் சுற்றி, உளியைத் தாங்கும் கேரியேஜை விரைவாக நகர்த்துவது ரேக் பினியன். மரை வெட்டும்போது ஹாஃப் நட்டைப் (இரண்டு பாதியாகப் பிளந்த நட்டு) போட்டதும் லெட் ஸ்க்ரூ என்ற நீளத் திருகு அதை இழுக்கிறது. வேகம் வேண்டிய இடத்தில் ஒன்று, அளவு பிசகக் கூடாத இடத்தில் மற்றொன்று.

கிராங்க், அதாவது மையத்திலிருந்து விலகிய முளையோடு சுழலும் கை, வேறு ஜாதி. மோட்டார் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வரும். நகரும் தூரம் கிராங்க் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆம்பூர் ஷூ தையல் இயந்திரத்தின் ஊசியும், பஞ்சர் கடை கம்ப்ரஸரின் பிஸ்டனும் இப்படித்தான் ஓடுகின்றன. எனக்குப் பிடித்தது பழைய ஷேப்பர், உளியை முன்னும் பின்னும் தள்ளி உலோகத்தைச் சீவும் இயந்திரம். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் தூசி படிந்து கிடந்தால் ஆசிரியரிடம் கேட்டு ஓட்டிப் பாருங்கள். பெரிய பல்சக்கரம் சீராகத்தான் சுழல்கிறது, ஆனால் உளியைத் தாங்கும் ராம் வெட்டும்போது மெதுவாகப் போய், வெறுமனே திரும்பும்போது விரைந்து வருகிறது. சக்கரத்தின் முளை ஆடும் கைக்குள் சறுக்குகிறது. போகும்போது அந்த முளை அரை வட்டத்துக்கு மேல் கடக்கிறது, திரும்பும்போது மிச்சத்தை மட்டும் கடக்கிறது. இத்தனை நேர்த்தி இருந்தும், நினைத்த உயரத்தில் நிறுத்த வேண்டிய மேடைக்குக் கிராங்க் ஒத்துவராது.

கேம் (வட்டம் பிசகிய சுழல் தட்டு) பற்றிச் சுருக்கமாக: எழும்பு, கொஞ்சம் நில், இறங்கு என்று கட்டளை போடுவதற்கு. குடியாத்தம் பக்கம் விசைத்தறி ஓடும் கூடத்தில் நாடாவை (ஷட்டில்) அடித்து அனுப்புவது கேம்தான்.

ஆக, திருகையே எடுங்கள். ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் 3டி பிரிண்டருக்கென்று 8 மி.மீ. தண்டு மலிவாகக் கிடைக்கும். அதில் பெரும்பாலானவை நான்கு மரை சேர்ந்தவை, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும். சரிவு 20 டிகிரி. மோட்டாரை அணைத்ததும் உங்கள் 50 கிலோ சுழன்றுகொண்டே தரைக்கு வந்துவிடும். மேலே சொன்ன 20 மி.மீ. தண்டையே ஒற்றை மரை, 4 மி.மீ. ஏற்றம் என்று கேட்டு வாங்குங்கள். எடையின் பக்கவாட்டுச் சாய்வைத் தண்டு தாங்கக் கூடாது, இரண்டு பக்கமும் வழிகாட்டிக் கம்பிகள் தனியாக வையுங்கள். தண்டை மேல் முனையில் த்ரஸ்ட் பேரிங்கில் (தண்டின் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கும் பேரிங்) தொங்கவிட்டால் அது இழுவிசையில் இருக்கும், வளையாது. கீழ் முனைக்கு ஒரு சாதாரண புஷ் (உருளை வளையம்) போதும்.