பிணம் எழுந்து போகுமா? பழஞ்சீனப் பாடலில் ஒரு சொல்

கேள்வி: சீனத்தின் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கை அகராதி துணையோடு படிக்கிறேன். 209-ஆம் பாடலில் 'ஷி' எழுந்திருக்கிறது. முரசும் மணியும் முழங்க அதை வழியனுப்புகிறார்கள். அகராதியில் 'ஷி' என்றால் பிணம். இது பேய்க்கதையா?

பதில்: இல்லை. அங்கே பிணமே கிடையாது. சௌ அரசமரபின் காலத்தில் முன்னோருக்குப் படைக்கும்போது, இறந்தவரின் இடத்தில் உயிருள்ள ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர்தான் ஷி, வழக்கமாக இறந்தவரின் பேரன். அருள் வந்து ஆடுபவர் அல்ல, அசையாமல் அமர்ந்திருப்பவர். முன்னோருக்கு வைத்த உணவையும் மதுவையும் அவரே உண்பார்.

இப்போது அந்த வரிகளை மறுபடி படியுங்கள். ஆவிகள் மது உண்டு நிறைகின்றன, உடனே ஷி எழுகிறார், மணியொலியில் அவரை அனுப்பிவைக்கிறார்கள், ஆவியும் திரும்பிப் போகிறது. பேரன் எழுந்து நடக்கும்போது தாத்தாவே விடைபெறுகிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துவிடும்.

வழக்கம் தெரிந்துவிட்டால் வேறு முடிச்சுகளும் அவிழும். 'பேரனைத் தூக்கலாம், மகனைத் தூக்கக் கூடாது' என்கிறது சடங்கு நூலான லீஜி. கல்நெஞ்சு என்று தோன்றும். ஆனால் காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது: பேரன் தாத்தாவுக்கு ஷியாக அமரலாம், மகன் தந்தைக்கு அமர முடியாது. 'ஷியைப் போல உட்கார்' என்ற அறிவுரையும் அதே நூலில் உண்டு. பிணம் எங்கே உட்காரும்? பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில், தம்பி ஷியாக இருந்தால் சித்தப்பாவைவிடத் தம்பிக்கே மரியாதை என்று ஒரு வாதம் வரும். அதுவும் இதே வழக்கம்தான்.

சரி, பிணம் என்ற பொருளே இல்லையா? உண்டு. ஈமச்சடங்கு வருணனைகளில் அடக்கத்துக்கு முன் வரும் 'ஷி' பெரும்பாலும் உடல். அடக்கத்துக்குப் பிந்தைய முதல் படையலில்தான் ஆள் ஷியாக அமர்கிறார். ஷிஜிங்கின் 15-ஆம் பாடலில் 'ஷி' வினைச்சொல்: படையலைப் பொறுப்பேற்று நடத்துவது.

ஒரு எச்சரிக்கை. லீஜி தொகுக்கப்பட்டது இந்தப் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அதனால் பாடலுக்குள்ளேயே மது, மணி, விருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சடங்கு நூலைத் திறக்கலாம். அடுத்து 247-ஆம் பாடலுக்குப் போங்கள். அங்கே ஷி வாய் திறந்து நல்வாக்குச் சொல்கிறார்.