மருத்துவமனையில் தொற்றும் வயிற்றுப்போக்கு நாடு முழுக்கக் கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

கேட்டவர், "யார் இதை எண்ணுகிறார்கள்? அந்த எண்ணை நம்பலாமா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரி, அங்கே சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். பதினெட்டு வருடமாக ஆய்வகத்தில் வேலை. தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. சில வருடம் முன்பு பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஆறாம் நாள் காலையிலிருந்து மாலைக்குள் எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. வார்டில், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா கொண்டுபோன ரசத்தின் மேல் பழியைப் போட்டார்கள். ரசம் என்ன பாவம் செய்தது! நான் நச்சரித்து, மூன்றாம் நாள்தான் மலமாதிரி ஆய்வகத்துக்குப் போனது. சி டிஃப் என்ற குடல் கிருமி என்று வந்தது. எதிர்க்கட்டில் அம்மாவுக்கும் அதே தொல்லை, அதே நாற்றம். அவருக்கு மாதிரி எடுக்கவே இல்லை, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. நாட்டுக் கணக்கு என்பது ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த டப்பாக்களின் கணக்கு. வராத டப்பாவுக்கு நோயே இல்லை.

சி டிஃப் என்பது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (முன்பு கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற பாக்டீரியா. ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்ததும், காலி வீட்டில் குடியேறுகிறவன் மாதிரி இது பெருகி நச்சைக் கக்கும். இதன் வித்துகள் கட்டில் கம்பியில் மாதக்கணக்கில் கிடக்கும், ஆல்கஹால் ஜெல்லுக்கும் சாகாது. பார்க்கப் போகிறவர்கள் வாசலில் ஜெல் தடவிக்கொண்டால் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

சரி, எண்ணுவது எப்படி? வெறும் எண்ணிக்கை உதவாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் அதிகம், நோயும் அதிகம். அதனால் 10,000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் படுத்திருந்தால் ஒரு நோயாளி-நாள்) எத்தனை பேர் என்று வகுப்பார்கள். அப்புறம், நோய் எங்கே தொற்றியது? அமெரிக்காவில், சேர்ந்த நான்காம் நாளோ அதற்குப் பிறகோ எடுத்த மாதிரி என்றால் ஆஸ்பத்திரிக் கணக்கு, அதற்கு முன்பு என்றால் வெளியிலிருந்து வந்தது. ஒரே ஆளுக்குப் பதினான்கு நாளுக்குள் இன்னொரு பாசிட்டிவ் வந்தால் அதைச் சேர்க்க மாட்டார்கள். எட்டு வாரத்துக்குள் வந்தால் திரும்பி வந்த நோய், அதற்கும் மேல் என்றால் புது நோய். இந்த எல்லைகளைக் கொஞ்சம் நகர்த்தினாலே வரைபடத்தில் கோடு ஏறும், இறங்கும்.

அதைவிடப் பெரிய வம்பு சோதனை முறை. முன்பு நச்சையே தேடினோம். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வந்ததும் நச்சுக்கான மரபணுவைத் தேடுகிறோம். கிருமி குடலில் சும்மா குடியிருந்து ஒன்றும் செய்யாதவர்களும் இதில் பாசிட்டிவ் ஆவார்கள். இயந்திரம் மாறிய மாதத்தில் கோடு எகிறும், வார்டில் யாருக்கும் புதிதாக எதுவும் வந்திருக்காது. அதனால்தான் கட்டியான மலத்தைச் சோதிக்காமல் திருப்பி அனுப்புகிறோம். டப்பாவின் வடிவத்துக்கு மாதிரி மாறினால் ஏற்றுக்கொள்வோம், இல்லையென்றால் இல்லை. நர்ஸ்கள் எங்களைத் திட்டுவது இதற்குத்தான்.

ஒழுங்காக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2004 முதல் கட்டாயக் கணக்கு, முதலில் முதியவர்களுக்கு, 2007 முதல் இரண்டு வயது தாண்டிய எல்லோருக்கும். 2007-08இல் பதிவான சி டிஃப் நோய் 55,000க்கு மேல் இருந்தது, 2013-14இல் 13,000 சொச்சம். கை கழுவியதால்தான் என்று பலர் நினைத்தார்கள். கிருமிகளின் மரபணுவைப் படித்தபோது வேறு கதை தெரிந்தது: ஃபுளோரோகுயினலோன் என்ற ஆன்டிபயாடிக் வகை மருந்துகளுக்கு மசியாத வகைகள்தான் குறைந்திருந்தன, மற்றவை அப்படியே இருந்தன. அந்த மருந்துகளை எழுதுவதைக் குறைத்ததே முக்கியக் காரணம் என்று 2017இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். டப்பாக்களைப் பத்திரமாக எண்ணி வைத்திராவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எங்கள் நாட்டில்? ஏறக்குறைய 80 சதவீத மக்களுக்கு அரசின் தேசிய ஆய்வகச் சேவைதான் சோதனை செய்கிறது. முடிவுகள் ஒரே மையத் தரவுக் கிடங்கில் விழுகின்றன, தேசிய தொற்றுநோய் நிறுவனம் அதைப் பார்க்கிறது. 2017 டிசம்பரில் வந்த விதிப்படி காலராவும் டைபாய்டும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியவை. சி டிஃப் மாதம் ஒருமுறை ஆய்வகங்கள் தெரிவிக்கும் பட்டியலில் இருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்தாலே எதற்கு என்ன மரியாதை என்று புரிந்துவிடும்.

ஆனால் எங்கள் முறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017இல் பச்சிளங்குழந்தைகளுக்கு லிஸ்டீரியா (உணவு வழியாக வரும் ஒரு கிருமி) அதிகமாக வருகிறதே என்று ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா டாக்டர்கள் கவனித்துச் சொன்னார்கள். 2018 ஜனவரியில் சோவெட்டோ குழந்தைகள் காப்பகம் ஒன்றிலிருந்து வயிற்றுப்போக்கோடு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சுகாதார அதிகாரிகள் காப்பகத்துக் குளிர்பெட்டியிலிருந்து போலனியை (சமைக்காமல் அப்படியே சாப்பிடும் இறைச்சித் தொத்திறைச்சி) எடுத்துவந்து சோதித்தார்கள். அந்த நூலைப் பிடித்துப் போலோக்வானேயில் ஒரு தொழிற்சாலை வரை போனார்கள், மார்ச் 4ஆம் தேதி அமைச்சர் அறிவித்தார். மொத்தம் 1,060 பேருக்கு நோய், 216 பேர் இறந்தார்கள். அன்று எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளின் மதிய டப்பாவில் போலனி இருந்தது என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். ஐந்து வாரத்தில் அவருக்கு நோய் திரும்பி வந்தது. இந்தமுறை தனியார் ஆஸ்பத்திரி, தனியார் ஆய்வகம். ஒரு கோப்பில் குடும்பப் பெயர் பிள்ளே, இன்னொன்றில் பிள்ளை, அடையாள எண் ஒன்றில் இல்லை. ஆக, ஒரே கிழவி இரண்டு புது நோயாளி ஆனார். எதிர்க்கட்டில் அம்மா பூஜ்யம். கூட்டினால் இரண்டு, கணக்கு சரியாக வந்துவிட்டது.