ஒலிநாடா கேள்வி–பதில்: ஒரே பாட்டு, ஒவ்வோர் இரவும் வேறு

போன இதழில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போய், மேடை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, காசு வாங்காமல் கைமாற்றிக்கொண்ட கதை அது. வேலூரில் நான் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தபோது, மருத்துவம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் வழியாக அந்தக் கேசட்டுகளில் சில என் கைக்கு வந்ததையும் சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாத குழு இது. அப்படி என்னதான் இருக்கிறது அவர்களிடம்?
— ஒரு வாசகர், ஆற்காடு

நியாயமான கேள்வி. 1965இல் கலிஃபோர்னியாவில் ஐந்து இளைஞர்கள் தொடங்கிய குழு. கிட்டார் வாசித்துப் பாடிய ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறந்தார். அதற்குள் ஏறத்தாழ 2,300 மேடைகள் ஏறிவிட்டார்கள். அமெரிக்கப் பாட்டு வரிசையின் முதல் பத்துக்குள் அவர்களுடைய ஒரே ஒரு பாட்டுதான் வந்தது, அதுவும் 1987இல். இசைத்தட்டு விற்று வாழ்ந்தவர்கள் இல்லை, மேடையில் வாழ்ந்தவர்கள்.

'டார்க் ஸ்டார்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் சிறிய இசைத்தட்டாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. பாடும் வரிகள் கூடவில்லை. கார்சியாவின் கிட்டார் ஒரு சங்கதியை எடுத்து நீட்ட, ஃபில் லெஷ் பேஸ் கிட்டாரில் அதற்கு எதிர்த்திசையில் ஒன்றைப் போட, அவர் போட்டதைக் கேட்டு இவர் வழி மாற, மீதி நேரம் அப்படிக் கழிகிறது. மேடை ஏறும்போது என்ன பாடப் போகிறோம் என்று பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை.

நமக்கு இது புதிதா? சித்ரா பௌர்ணமி இரவில் நம் வேலூரில் புஷ்பப் பல்லக்குகள் வரும்போது நாதஸ்வரக்காரருக்குப் பின்னாலேயே தெருத் தெருவாக நடந்தவர்களைக் கேளுங்கள். தோடி தோடிதான். ஆனால் போன ஆண்டு அதே முனையில் நின்று வாசித்த தோடி இந்த ஆண்டு திரும்பி வராது. அது தெரிந்துதானே விடிய விடிய நடக்கிறோம்?

1989 அக்டோபரில் வர்ஜீனியாவில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாம்ப்டன் அரங்கத்துக்கு அறைத்தோழன் இழுத்துப் போனான். இரண்டாம் நாள் இரவு, ஒரு பாட்டுத் தொடங்கிய நொடியில் அரங்கமே அலறியது. பக்கத்தில் நின்ற தாடிக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஏன் அழுதார் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.
— ஓய்வு பெற்ற பேராசிரியர், காட்பாடி

அய்யா, நீங்கள் கொடுத்து வைத்தவர். அந்த இரண்டு நாளும், அதாவது அக்டோபர் 8, 9, கூட்டம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் குழு தன் பழைய பெயரான 'வார்லாக்ஸ்' என்பதைப் போட்டு, கடைசி நேரத்தில்தான் டிக்கெட் விற்றது. இரண்டாம் இரவு நீங்கள் கேட்டது மேலே சொன்ன அதே 'டார்க் ஸ்டார்'. 1984 ஜூலைக்குப் பிறகு அவர்கள் அதை மேடையில் தொடவே இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வோர் ஊரிலும் இன்றைக்காவது வருமா என்று காத்திருந்தவர் அந்தத் தாடிக்காரர். இனி வராது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டும் இருந்திருப்பார்.

அந்த இரண்டு இரவுகளின் பதிவும் 2010இல் பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. தேடிப் பிடித்துக் கேளுங்கள். முதல் சில சுரங்கள் விழுந்ததும் எழுகிற அலறலில் உங்கள் குரலும் அவர் குரலும் எங்கோ கலந்திருக்கின்றன. கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் மற்ற விவரங்களையும், வாசலில் சாப்பாடு விற்றவர்கள், விரலை உயர்த்திக்கொண்டு டிக்கெட் கேட்டு நின்றவர்கள், எல்லாவற்றையும் விரிவாக எழுதி அனுப்புங்கள். அரை வரி விடாமல் படிப்பேன்.

பழைய சாமான் கடையில் ஒரு மாக்ஸெல் கேசட் கிடைத்தது. மேலே 5/8/77 என்று மட்டும் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்து நிகழ்ச்சியா?
— கல்லூரி மாணவர், சேண்பாக்கம்

தம்பி, அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அது 1977 மே 8. நியூயார்க் மாநிலம், இதாகா நகரம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதமாக இருந்தும் அன்றைக்கு வெளியே பனி கொட்டியது என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். குழுவின் பதிவுகளில் மிக அதிகமாகக் கைமாறியவற்றில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

அதைப் பதிவு செய்தவர் பெட்டி கேண்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர். மேடையின் ஒலிப்பலகையிலிருந்தே, அதாவது எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரிலிருந்தே, எடுத்ததால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நிற்கும். அவர் பதிவு செய்த சுருள் நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. பாக்கி கட்ட முடியாமல் 1980களில் அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதி எடுத்து, அதிலிருந்து பிரதி எடுத்து ஊரெல்லாம் பரவியது. 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த இரவுக்கு இடம் கிடைத்தது. முறையான வெளியீடாக வந்தது நிகழ்ச்சி நடந்து நாற்பது ஆண்டு கழித்து, 2017இல்.

இதுதான் அவர்களுடைய தலைசிறந்த இரவு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. என் மனத்துக்கு நெருக்கமானவை 1972 ஐரோப்பியப் பயணப் பதிவுகள். 'பிக்பென்' என்று எல்லோரும் அழைத்த ரான் மெக்கெர்னன், உடல் தேய்ந்துபோன நிலையிலும் ஆர்மோனிகாவும் ஆர்கனும் வாசித்த கடைசிப் பெரும் பயணம் அது. அடுத்த மார்ச்சில் 27 வயதில் போய்விட்டார். அவர் குரலில் இருந்த கரகரப்பு அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்கு வாய்க்கவே இல்லை.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவன் நான். பாடுகிறவருக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் மைக் கத்துகிறது. 'ஒலிச்சுவர்' என்று எழுதியிருந்தீர்களே, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?
— மைக் செட் உரிமையாளர், குடியாத்தம்

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. 1974இல் அவர்கள் கட்டியது ஏறத்தாழ 600 ஸ்பீக்கர் கொண்ட சுவர், எடை சுமார் 75 டன். ஆவுஸ்லி ஸ்டான்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வடிவமைத்தார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளையும் தனித்தனி அடுக்குக்கு அனுப்பவும் வழி இருந்தது. சுவர் முழுவதும் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதனால் கூட்டம் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள்.

மைக் கத்தாமல் இருக்க ஒரு வழி செய்தார்கள். பாடுகிறவர் முன் ஒரே மாதிரியான இரண்டு மைக், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்றின் இணைப்பு தலைகீழ். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாக விழுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். பாடுகிறவர் மேல் மைக்கில் மட்டும் உதட்டை ஒட்டிப் பாடுவார். அந்தக் குரல் மட்டும் தப்பி வெளியே வரும். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் மைக் இரண்டு எடுத்து, ஒன்றின் ஒயரில் 2ஆம் 3ஆம் ஊசிகளை மாற்றிப் பற்றவையுங்கள். இரண்டையும் மிக்ஸரில் ஒரே அளவில் வையுங்கள். பாடுகிறவர் வாயை நான்கு விரல் விலக்கினாலும் குரல் மெலிந்துவிடும். அவர்களுடைய அந்த ஆண்டுப் பதிவுகளிலும் குரல் கொஞ்சம் சன்னமாகத்தான் இருக்கிறது. சுவரைக் கட்டிப் பிரித்து ஏற்றி இறக்கும் செலவு தாங்காமல் அந்த ஆண்டோடு கைவிட்டார்கள். கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசி ஓயவில்லை.

மிருதங்கம் கற்கிறேன். அவர்களிடம் தனி ஆவர்த்தனம் மாதிரி ஏதாவது உண்டா?
— மாணவி, வாலாஜாப்பேட்டை

உண்டு. பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என்று இரண்டு தாளக்காரர்கள். 1970களின் இறுதியிலிருந்து அநேகமாக ஒவ்வோர் இரவும், இரண்டாம் பகுதியின் நடுவில் மற்றவர்கள் இறங்கிவிட, இவர்கள் இருவர் மட்டும் வாசிப்பார்கள்.

ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அவருடைய மகன் ஜாகீர் உசேனோடு நெடுங்காலம் சேர்ந்து வாசித்தவர். 1991இல் ஹார்ட் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் கடம் வாசித்தது நம் விக்கு விநாயக்ராம். உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியது அந்தத் தொகுப்புதான். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

பயிற்சிக்கு ஒன்று: 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபு பழகிய கைக்கு முதலில் இழுபறியாக இருக்கும். இரண்டாம் முறை தானாக உட்காரும். அவர்களிடம் பதினோரு எண்ணிக்கையில் ஒரு பாட்டும் உண்டு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றை எங்கே வாங்குவது? என்ன விலை?
— பலர்

விலை இல்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) ஆயிரக்கணக்கான இரவுகள் இருக்கின்றன. ரசிகர்கள் எடுத்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். ஒலிப்பலகைப் பதிவுகளைக் கேட்க மட்டும் முடியும். பதிவு செய்யக் கூடாது என்று குழு விரட்டவில்லை. 1984இல் பதிவாளர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் போட்டது. கம்பத்தில் மைக்கை உயர்த்திக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். விற்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

என் அப்பா பாரதக் கூத்தில் கர்ணன் வேஷம் கட்டியவர். அவர் ஆடிய இரவுகளை யாரோ டேப்பில் பிடித்துக் கொடுத்த கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. ஒன்றைப் போட்டேன், கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. பிள்ளைகள் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, ஆரணி

அம்மா, தயவு செய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதும் என் மனம் உங்கள் கடிதத்திலேயே இருந்தது.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். கர்ண மோட்சம் ஒன்றுதான்; ஆனால் எந்த ஊர்க் களரி, முகவீணை யார், வாத்தியார் அன்றைக்கு எந்த விருத்தத்தை எவ்வளவு நீட்டினார், கட்டியங்காரன் அந்த ஊர்க்காரர்களை எப்படி வம்புக்கு இழுத்தான் என்பதெல்லாம் இரவுக்கு இரவு வேறு. கடல் கடந்த ஒரு குழுவுக்கு ஆயிரக்கணக்கான இரவுகள் தேதியோடும் ஊரோடும் பத்திரமாக இருக்கின்றன. செய்யாற்றிலும் ஆரணியிலும் போளூரிலும் விடிய விடிய நடந்த கூத்துக்கு எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கின்றன? இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் டிரங்குப் பெட்டி எனக்கு எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மந்தமாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் நாடா காரணமாக இருக்காது. உங்கள் டேப் ரெக்கார்டரின் ஹெட்டில், அதாவது நாடா உரசிப் போகும் உலோக முனையில், அழுக்குப் படிந்திருக்கும், அல்லது ஹெட் சாய்ந்திருக்கும். பஞ்சில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். பழுப்பாக வருவது நின்ற பிறகு காயவிடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் திருப்பினால், ஓர் இடத்தில் தாளத்தின் 'ணிங்' பளிச்சென்று எழும். முகவீணையின் கூர்மை திரும்பி வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு கேசட்டையும் பதிவு செய்த ரெக்கார்டர் வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அதற்கு முன், கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். இடம் பிடித்தாலும் ஒலி குறையாது. ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போட்ட இடைவெளியில் பாட்டு அறுந்திருக்கும். அதை ஒட்ட முயலாமல் அப்படியே விடுங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேசட்டின் மேல் எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும், 'வ.ஆ. மாவட்டம்' என்ற முத்திரை உட்பட, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவோடு ஆடியவர்களில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, மத்தளம் யார் என்று அவர்கள் குரல் கேட்டே சொல்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பிரதி கொடுப்பதாக இருந்தால் அவர்களிடமே அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களால் முடியாதென்றால் நான் செய்து தருகிறேன், பணம் வேண்டாம். இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், நாள் சொல்கிறேன். தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். அக்னி வெயில் தணிந்த பிறகு, ஆரணியிலிருந்து வேலூர் வரும் முதல் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். கர்ண மோட்சம் எந்தக் கேசட்டில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.