இறாலும் கடம்பாவும் மீன் இல்லையா?

சென்னை காசிமேடு மீன் சந்தையில் வஞ்சிரத்துக்குப் பக்கத்துக் கூடையிலேயே விற்கிறார்களே, இறாலும் கடம்பாவும் (ஊசிக் கணவாய், ஸ்க்விட்) மீன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மீனுக்கு முதுகெலும்பு உண்டு, இவற்றுக்குக் கிடையாது. செவுளை வைத்துப் பிரிக்க முடியாது. இறாலுக்கும் செவுள் இருக்கிறது.

கடம்பாவைச் சுத்தம் செய்யும்போது பிளாஸ்டிக் சீவல் மாதிரி ஒன்று உருவிக்கொண்டு வருமே, அது எலும்பல்ல. கடம்பாவின் மூதாதைகளுக்கு இருந்த ஓட்டின் மிச்சம். நத்தையும் சிப்பியும்தான் கடம்பாவுக்குச் சொந்தக்காரர்கள். இதயம் 3. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீலம்.

இறால், நண்டுக்கு எலும்புக்கூடே வெளியில் இருக்கும் ஓடுதான். உடம்போடு சேர்ந்து அது வளராது. கழற்றிவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளும். அமுக்கினால் மெத்தென்று இருக்கும் நண்டு அண்மையில் ஓடு மாற்றியது (சதை குறைவு, வாங்காதீர்கள்). அப்புறம் சொறி (ஜெல்லிமீன்), அதுவும் மீன் இல்லை: மூளையும் இல்லை, இதயமும் இல்லை, ஆனாலும் கொட்டும்.