சிப் வருவதற்கு முன் கணினி எதில் ஞாபகம் வைத்தது?

கேட்டால் சிரிப்பீர்கள், பாதரசத்தில். 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் என்ற கணினி, எண்களை ஒலித்துடிப்பாகப் பாதரசக் குழாயின் ஒரு முனையில் அனுப்பி, மறுமுனையில் பிடித்து, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் போச்சு. அப்புறம் காந்த வளையம், 1953இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து வேர்ல்விண்ட் கணினியில் போட்டார்கள். ஆந்திர எல்லையில் எங்கள் பொதட்டூர்பேட்டைத் தறியில் பாவும் ஊடையும் போகிற மாதிரி கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், அவை சந்திக்கிற இடத்தில் ஒரு குட்டி வளையம், அதுதான் ஒரு பிட், கணினி ஞாபகத்தின் மிகச் சிறிய அலகு. எந்தத் திசையில் காந்தமாகிறதோ அதைப் பொறுத்து 0 அல்லது 1. கரண்ட் போனாலும் அழியாது (எங்கள் ஊருக்கு ஏற்றது!). ஆனால் படித்தால் அழிந்துவிடும், படித்த கையோடு திரும்ப எழுத வேண்டும். இந்த வளையங்களைக் கையால் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1970இல் இன்டெல் 1103 என்ற ஞாபகச் சிப் வந்தபின் வளையம் மெல்ல ஓய்ந்தது.