ஒருநாள் ஓடி, மறுநாள் ஓடாத கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

முழுதாகச் செத்துப்போன கம்ப்யூட்டரைச் சரிசெய்வது சுலபம். ஒருநாள் ஓடி மறுநாள் மக்கர் செய்வதுதான் ஆளை அலைய வைக்கும். கடைக்குத் தூக்கிப்போனால் அங்கே முதல் தட்டிலேயே ஓடும், வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடும். வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கேள்விகள் (ஒவ்வொன்றின் முன்னும் கேட்டவரின் ஊர்) பெரும்பாலும் இந்த ரகம்தான். அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், அது எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்று ஒரு வாரம் பேப்பரில் குறித்து வையுங்கள். காலையிலா, மதியமா, கரண்ட் போய் வந்த பிறகா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஈரோடு: சார், காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அழுத்தினால் ஓடுகிறது. அப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. மதியம் அணைத்துவிட்டுப் போட்டாலும் உடனே வருகிறது. ஏழு வருடச் சிஸ்டம். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். குளிர்ந்திருந்தால் வராது, சூடு ஏறினால் வரும் என்று நீங்களே துப்பு கொடுத்துவிட்டீர்கள். இப்படி நடக்கும் சிஸ்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான், அதாவது உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியைத்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைச் சீராக்க உருளை உருளையாகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றுக்குள் இருப்பது ஒரு திரவம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது மெல்ல வற்றுகிறது. வற்ற வற்ற கெப்பாசிட்டரின் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் சூடேறி, தடை இறங்கி, கடைசியில் ஒரு தட்டில் ஓடிவிடுகிறது.

ஃபேன் ஒரு சுற்றோடு நிற்பதற்கும் காரணம் உண்டு. பட்டனைத் தட்டியதும் எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைக்குவந்த பிறகு, சாம்பல் நிற வயர் வழியாக 'எல்லாம் சரி' என்று மதர்போர்டுக்குச் சொல்ல வேண்டும். 0.1 முதல் 0.5 செகண்டுக்குள் அந்தச் சிக்னல் வந்தாக வேண்டும். வோல்டேஜ் தள்ளாடினால் சிக்னல் வராது, அல்லது வந்து விழுந்துவிடும். உடனே எல்லாம் அணைந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பிளக்கில் பவர் இருக்கட்டும், கம்ப்யூட்டர் அணைந்தே இருக்கட்டும். மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். அதன் பின்பக்கம், ஊதா வயர் நுழையும் துளையில் மீட்டரின் சிவப்பு முனை, ஏதாவது ஒரு கறுப்பு வயரில் கறுப்பு முனை. 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 9ஆம் பின்னைப் பாருங்கள். ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. இந்த எல்லைக்குக் கீழேயோ மேலேயோ போனால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. ஆனால் எல்லைக்குள் இருந்தாலே நல்ல எஸ்எம்பிஎஸ் என்று முடிவு செய்ய முடியாது. நொடியில் ஆயிரக்கணக்கான முறை வரும் அதிர்வை சாதாரண மீட்டர் காட்டாது. நண்பர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டி, நாலு காலை பாருங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது.

மதர்போர்டையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பிராசஸரைச் சுற்றியுள்ள உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. ஏழு வருட போர்டில் பெரும்பாலும் திரவம் இல்லாத திட ரகக் கெப்பாசிட்டர்தான் இருக்கும், அவ்வளவு சீக்கிரம் உப்பாது.

தயவுசெய்து எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட்டைத் தொடும். பல நல்ல எஸ்எம்பிஎஸ்களில் 380 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை இது.

திருச்சி: பவர் போட்டால் சில நாள் கறுப்புத் திரைதான், கம்பெனி லோகோவே வருவதில்லை. ஃபார்மேட் செய்தால் சரியாகுமா?

ஆகாது. லோகோ வரும்வரை விண்டோஸுக்கு வேலையே இல்லை. அதற்கு முன் நிற்கிறதென்றால் கோளாறு பவர், ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்), போர்டு, பிராசஸர், டிஸ்ப்ளே இவற்றில் ஒன்றில். ஃபார்மேட் செய்தால் உங்கள் போட்டோக்கள் போகும், கோளாறு அங்கேயே இருக்கும். ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கோடு போட்டுப் பாருங்கள், பிறகு அதையே வேறு ஸ்லாட்டில். கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, பிராசஸரிலும் டிஸ்ப்ளே வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு போர்டிலேயே கேபிள் மாட்டிப் பாருங்கள்.

கரூர்: புதுசாக நானே அசெம்பிள் செய்தேன் அண்ணா. எல்லா ஃபேனும் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. டிடிஆர்5 ரேம்.

முதலில் பிராசஸர் பக்கத்தில் இருக்கும் 8 பின் பவர் வயரை மாட்டினீர்களா என்று பாருங்கள். அதை மறந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோராக ஓடும். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, போர்டிலா? இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் டிஸ்ப்ளே வசதி கிடையாது. இதெல்லாம் சரி என்றால், பொறுமையாகக் காத்திருங்கள் தம்பி. டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமை முதல்முறை மாட்டும்போது, அதோடு பிழையில்லாமல் பேசும் நேரக்கணக்கைப் போர்டு சோதித்துச் சோதித்துப் பழகிக்கொள்ளும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், அதிலும் ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்5 போர்டுகளில். பாதியில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் தொடாதீர்கள்.

மதுரை: நான் சர்வீஸ் செய்கிறவன். இவ்வளவு சுற்றுவழி எதற்கு? நோ டிஸ்ப்ளே என்று வந்தால் ரேமைக் கழற்றி, ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டுவேன். முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும்.

முடிவதை நானும் பார்த்திருக்கிறேன். ரப்பரால் முடிகிறது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஸ்லாட்டுக்குள் போகும் ரேமின் பல்வரிசையில் இருப்பது தங்கப்பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது. பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பள்ளிக்கூட ரப்பரில், முக்கியமாக இங்க் அழிக்கும் நீலப் பக்கத்தில், அரைக்கும் துகள் கலந்திருக்கும். தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய் கீழே உள்ள நிக்கல் வெளியே வரும். அப்புறம் நிஜமாகவே பிரச்சினை தொடங்கும். உதிர்ந்த ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுவது இன்னொரு தொல்லை.

சரிசெய்வது எது தெரியுமா? கழற்றி மாட்டுவதுதான். ஸ்லாட்டுக்குள் உள்ள சின்னச் சின்ன ஸ்பிரிங் பற்கள் ஒவ்வொரு முறை செருகும்போதும் ரேமின் பல்லை உரசிக்கொண்டு போகும். அந்த உரசலே அழுக்கைத் தள்ளிவிடும். அடுத்து வரும் சிஸ்டத்தில் ரப்பரைத் தொடாமல் ரேமை இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

தூத்துக்குடி: மதுரைக்காரர் பக்கம்தான் நான். கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. ரேமைக் கழற்றினால் பல்வரிசையில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி. கழற்றி மாட்டினால் ரெண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும். ரப்பர் போட்டபின் மூன்று மாதம் ஓடியது.

பச்சைப் புள்ளி என்று நீங்கள் சொல்வது முக்கியம். அது தாமிரம் அரித்த அடையாளம். மலிவான ஸ்டிக்குகளில் பூச்சு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கும். உப்புக்காற்று அதன் வழியாக இறங்கி அடியில் உள்ள உலோகத்தை அரிக்கும். அந்த நிலைமையில் வெறும் கழற்றி மாட்டல் போதாது, ஏதாவது போட்டுத் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கிடைப்பதில் தண்ணீர் அதிகம், எலக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். அதற்கும் போகாவிட்டால் மட்டும் மிருதுவான வெள்ளை ரப்பர், ஒரே திசையில், அழுத்தாமல். பிறகு மறுபடி ஆல்கஹாலால் துடைத்துத் தூளை எடுத்துவிடுங்கள். பூச்சு போன ஸ்டிக் எப்படியும் மறுபடி அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்ப்பதைவிட ஸ்டிக்கை மாற்றுவது மேல்.

மதுரை: கடைசியில் ரப்பர் வேண்டும் என்றுதானே சொல்கிறீர்கள்? வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது ஆல்கஹால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கண்ணெதிரே அரிப்பு தெரிந்தால் ரப்பர் என்கிறேன். நீங்கள் எல்லா ஸ்டிக்கையும் தேய்க்கிறீர்கள். நல்ல ஸ்டிக் நாலு தடவை உங்கள் கைக்கு வந்தால் அஞ்சாவது தடவை கெட்ட ஸ்டிக்காகத்தான் வரும். ஒரு சின்னப் பாட்டில் டூல் கிட்டில் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? வாடிக்கையாளருக்கும் அது நல்லது, உங்கள் பெயருக்கும் நல்லது.

சேலம்: பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை, சில சமயம் மட்டும் ஓடுகிறது. ஃபார்மேட் போடலாமா?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்களுக்கு இன்னொன்று: கேபினெட்டின் பட்டனே கெட்டிருக்கலாம். பட்டனிலிருந்து வரும் சின்ன வயர் போர்டில் மாட்டியிருக்கும் இடத்தில் பவர் ஸ்விட்ச் என்று போட்ட இரண்டு பின் இருக்கும். வயரை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஓடினால் பட்டன்தான் கோளாறு. ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் மாட்டி அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

ஈரோடு: சார், ஊதா வயரில் பார்த்தேன். காலையில் 4.3, ஏறி இறங்குகிறது. ஓடிய பிறகு 4.9.

அப்படியானால் சந்தேகமில்லை, எஸ்எம்பிஎஸ்தான். மதர்போர்டு காசு மிச்சம். வாங்கும்போது பெட்டியில் போட்ட வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவதை வாங்கவே வேண்டாம்.

புதுக்கோட்டை: மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது. போன வாரம் நீலத்திரை வந்து விண்டோஸே ஏறவில்லை.

போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். நீலத்திரைக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம்: பேட்டரி போனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்பு கம்பெனி நிலைக்குத் திரும்பும். அப்போது ஸ்டோரேஜ் முறை, அதாவது டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை, ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறினால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்காமல் நீலத்திரையில் விழும். பயாஸில் பழையபடி மாற்றினால் ஏறிவிடும். ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

சென்னை: வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது. கரண்ட் போனதும் ஃபேன், லைட் நிற்பதில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

கரண்ட் போனபின் நல்ல எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லிசெகண்டு. பழசாக ஆக இன்னும் குறையும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட வேண்டும். உங்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள், மாறும் நேரம் குறையும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் புதிய எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துப்போகாது. கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ் வைப்பதே நல்லது.

கோயம்புத்தூர்: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. ஸ்டார்ட் ஆவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் இதைக் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் இருந்து கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கேபினெட் தகரத்துக்கு வரும், எர்த் வயர் அதை மண்ணுக்கு இறக்கிவிடும். எர்த் இல்லையென்றால் தகரத்தில் சுமார் 115 வோல்ட் நிற்கும். மின்சாரத்தின் அளவு சின்னது என்பதால் சுர்ரென்று மட்டும் தெரிகிறது. எர்த் இல்லாத வீட்டில் உள்ளே ஒரு வயர் தகரத்தைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. எலக்ட்ரீஷியனை இன்றைக்கே கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிதாக இருக்கும் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் பாக்ஸில் செருகும் பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

விழுப்புரம்: எந்த ரப்பர் நல்லது?

மேலே இருக்கிறது. முதலில் ஆல்கஹால்.

நாகர்கோவில்: லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை...

லேப்டாப்புக்கு வேறு பாதை. அதன் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

திருநெல்வேலி: ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டால் லோகோ வருகிறது, சுழல்கிறது, அப்புறம் கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. தினமும் இப்படித்தான். இதற்காவது ஃபார்மேட் உண்டா?

இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியில் விண்டோஸுக்குப் பங்கு இருக்கிறது, லோகோ தாண்டிய பிறகுதானே நிற்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) ஒன்று அப்படித் தூங்கி எழுவதற்கு ஒத்துவரவில்லை என்றால் இப்படித்தான் நிற்கும். ரீஸ்டார்ட் மட்டும் எல்லாவற்றையும் முழுதாக மூடித் திறப்பதால் ஓடுகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்யும் என்ற இடத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே டிரைவரையும் புதுசாக ஏற்றுங்கள். சில நாள் பார்த்துவிட்டு, மாறாவிட்டால் எந்த நாளில் நின்றது என்று குறித்து எழுதுங்கள்.

புதுச்சேரி: புது எஸ்எம்பிஎஸ் வந்தாச்சு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா வயர்களும் (டிஸ்க்குக்குப் பவர் தருபவை) இதில் பொருந்துகின்றன. அதையே மாட்டிவிடவா?

வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டும் வயர்களின் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கிடையில்கூட மாறும். பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும். புதுப் பெட்டியில் வந்த வயர்களை மட்டும் மாட்டுங்கள், பழைய வயர்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள்.