அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற நூலகத்தை ஜூலியஸ் சீசர் எரித்ததாக ஒரு நூலிலும், அராபியர் எரித்ததாக மற்றொன்றிலும் படித்தேன். எது உண்மை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரே தீயில் நூலகம் முழுவதும் சாம்பலாயிற்று என்பது சுவையான கதை, சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. கி.மு. 48இல், எகிப்து மன்னன் பதின்மூன்றாம் தாலமியின் படைகளால் அரண்மனைப் பகுதியில் முற்றுகையிடப்பட்டிருந்த சீசர், துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குத் தீயிட்டதும், அத்தீ கரையிலிருந்த கட்டடங்களுக்குப் பரவியதும் உண்மையே. பெருநூலகமே அதில் அழிந்தது என்று பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். மற்றொரு வரலாற்றாசிரியரான காசியஸ் டியோவோ தானியக் கிடங்குகளும் நூல்கள் இருந்த கிடங்குகளும் எரிந்தன என்கிறார். ஆனால், ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து அந்நகரில் தங்கியிருந்த புவியியலாளர் ஸ்டிராபோ, நூலகத்தோடு இணைந்திருந்த மௌசெயோன் என்னும் அறிஞர் கழகம் இயங்கிவந்ததாகவே விவரிக்கிறார். பின்னர் உரோமானியப் பேரரசர் கிளாடியஸ் அதற்குப் புதிய பகுதியொன்றையும் கட்டிச் சேர்த்தார். ஆகவே சீசரின் தீயில் நூல்கள் பல போயிருக்கலாம், நிறுவனம் போகவில்லை.

அராபியர்மீது சுமத்தப்படும் பழி இதைவிடவும் வலுவற்றது. நகரைக் கைப்பற்றிய தளபதி அம்ரு, கலீஃபா உமரின் ஆணைப்படி நூல்களைக் குளியல் கூடங்களுக்கு எரிபொருளாக அனுப்பினார் என்றும், அவை ஆறு மாத காலம் எரிந்தன என்றும் சொல்லும் கதை, கி.பி. 642க்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட நூல்களில்தான் முதன்முதலாகத் தென்படுகிறது.

நூலகத்தைக் கொன்றது தீயைவிடப் புறக்கணிப்பே என்பது என் கருத்து. கி.மு. 145இலேயே எட்டாம் தாலமி அறிஞர்களை நகரைவிட்டு விரட்டினான். தலைமை நூலகராயிருந்த அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸில் தஞ்சம் புகுந்தார். கி.பி. 215இல் பேரரசன் காரகல்லா நகரமக்களைக் கொன்று குவித்ததோடு, மௌசெயோன் அறிஞர்களுக்குரிய சலுகைகளையும் பறித்தான். 270களில் பேரரசன் ஆரேலியன் நடத்திய போரில் அரண்மனைப் பகுதியே பாழாயிற்று. கிளை நூலகம் இருந்த செராபியம் என்னும் கோயில் 391இல், ஆயர் தியோபிலஸின் காலத்தில் இடிக்கப்பட்டது. அப்போது அங்கே நூல்கள் எஞ்சியிருந்தனவா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பாப்பிரஸ் சுருள்கள் நம் ஓலைச்சுவடிகளைப் போலவே காலந்தோறும் படியெடுக்கப்பட வேண்டியவை. படியெடுப்போருக்குக் கூலி கொடுப்பார் இல்லாத நிலையில், எவரும் தீ வைக்காமலே ஒரு நூலகம் சில தலைமுறைகளில் இல்லாமற் போய்விடும்.

கேள்வி: உலக அதிசயங்களுள் ஒன்றான அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் எப்போது விழுந்தது? அதன் கற்கள் ஏதேனும் மிஞ்சியுள்ளனவா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அதுவும் ஒரே நாளில் விழவில்லை. ஃபாரோஸ் என்ற சிறு தீவின் முனையில், இரண்டாம் தாலமியின் ஆட்சியில், ஏறத்தாழ கி.மு. 280இல் கட்டிமுடிக்கப்பட்ட அக்கோபுரம் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. அடியில் சதுரம், நடுவில் எண்கோணம், உச்சியில் வட்டம் என மூன்று அடுக்குகளாக அமைந்த அதனோடு நிடோஸ் நகரத்துச் சோஸ்திராதோஸின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அவர் கட்டடக் கலைஞரா, பொருளுதவி செய்த அரசவைப் பெரியவரா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. தீவையும் கரையையும் இணைத்த, ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுள்ள அணைப்பாதை, கடலைக் கிழக்கு, மேற்கு என இரண்டு துறைமுகங்களாகப் பிரித்தது. அதன் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அது நெரிசல் மிகுந்த குடியிருப்பாகவே மாறிவிட்டது.

பத்தாம் நூற்றாண்டு முதல் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள், குறிப்பாக 1303ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம், கோபுரத்தைச் சிதைத்தன. 1326இல் வந்த பயணி இப்னு பதூதா அதன் ஒரு பக்கம் இடிந்திருந்ததைக் கண்டார். 1349இல் மீண்டும் வந்தபோது வாயிலை அடையவே முடியாத அளவுக்கு அது பாழாகிக் கிடந்தது. மம்லூக் சுல்தான் காயித்பே 1477இல் அதே இடத்தில் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இடிந்த கோபுரத்தின் கற்கள் அதில் பயன்பட்டதாகக் கருதப்படுகிறது. எஞ்சியவை கடலடியில் கிடந்தன. கோட்டையை அலையரிப்பிலிருந்து காக்கக் கான்கிரீட் கட்டிகளைக் கடலில் இறக்கியபோது எழுந்த எதிர்ப்பினால், 1994இல் ழான்-ஈவ் எம்பெரரின் தலைமையிலான பிரெஞ்சுக் குழு நீருக்கடியில் ஆய்வைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கற்களையும் தூண்களையும் ஸ்பிங்க்ஸ் சிலைகளையும் பதிவு செய்தது. 2025இல், வாயில் நிலைக்கற்கள் உள்ளிட்ட 22 பெருங்கற்கள் மேலே தூக்கப்பட்டன.

கேள்வி: நம் மேற்குக் கரை மிளகு அலெக்சாந்திரியா வரை சென்றது என்பதற்குக் கல்லோ ஏடோ சான்றாக உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஏடே உண்டு. இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாளின் ஒரு பக்கத்தில் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம் கிரேக்க மொழியில் எழுதப்பட்டுள்ளது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கு, ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து கோப்டோஸ் நகரை அடைந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்குச் சென்று, நான்கில் ஒரு பங்கு வரி வசூலிக்கும் அரசுக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மறுபக்கத்தில் ஹெர்மபோல்லோன் என்ற கப்பலில் வந்த தந்தம், நறுமணப் பொருள் முதலியவற்றின் மதிப்பீடு உள்ளது. மிளகுக்குக் கண்கூடான சான்றும் உண்டு. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் ஒன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அதே கடற்கரையின் குசைர் அல்-காதிமில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. 25 விழுக்காடு வரியைக் கட்டியபின்னும் வணிகருக்கு இலாபம் இருந்தது என்பதிலிருந்தே உரோமானியச் சந்தையில் இச்சரக்குகளுக்கிருந்த கிராக்கியைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: லண்டனில் உள்ள ‘கிளியோபாட்ராவின் ஊசி’க்கும் அந்த அரசிக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெயரளவில் மட்டுமே தொடர்பு. மூன்றாம் துத்மோஸ் என்ற எகிப்திய மன்னன் ஹீலியோபோலிஸில் நிறுத்திய கற்றூண் அது. அரசி இறந்தபின், அகஸ்டஸின் காலத்தில் அதுவும் அதன் இணையும் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஒன்று 1878இல் லண்டனிலும், மற்றது 1881இல் நியூயார்க்கிலும் நிறுவப்பட்டன.

கேள்வி: இன்று அங்கே சென்றால் பழைய நகரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகர், திருச்சி

பதில்: பழைய நகரத்தின் மேலேயே புதிய நகரம் எழுந்துவிட்டதால் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டு செல்வது நல்லது. தாலமிகளின் அரண்மனைப் பகுதி கிழக்குத் துறைமுகத்தின் கலங்கலான நீரில் மூழ்கியிருக்கிறது. செராபியம் இருந்த மேட்டில் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தப்பட்ட செந்நிறக் கருங்கல் தூண் நிற்கிறது. அதற்கு உரோமானியத் தளபதி பாம்பியின் பெயரைச் சூட்டியவர்கள் இடைக்கால ஐரோப்பியர். 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம் அழகிய கட்டடந்தான். எனினும் ஒரு பகல் பொழுதே இருக்குமானால், கோம் எல்-திக்காவுக்குச் செல்லுமாறு கூறுவேன். போலந்து நாட்டுத் தொல்லியலாளர் 1960 முதல் அகழ்ந்துவரும் அங்கே, கி.பி. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட விரிவுரைக் கூடங்கள், மாணவர் அமர்ந்த கல்வரிசைகளோடும் ஆசிரியரின் இருக்கையோடும் வெளிப்பட்டுள்ளன. பெருநூலகம் மறைந்த பின்னரும், அராபியர் வரும்வரையில், அந்நகரில் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது.